ஒரு விநாடி ஹேண்டில்

மே 26, திங்கள்

தங்கை தாரணி கல்யாணம் முடிந்து இன்று காலை நாமக்கல்லிலிருந்து சென்னை வந்து சேர்ந்தேன். குளித்துவிட்டு நேராக எடிட் ரூம். வடபழனியில் ஒரு மாடி, ஜன்னல் கிடையாது, ஏசி மட்டும் தாராளம். வயிற்றுப்பாட்டுக்கு நான் வெட்டுவது தினமும் ஓடும் ஒரு சீரியல். தங்கை கல்யாண வீடியோவையும் நானே வெட்டுகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

படம் பிடித்தது ஆல்வின். என் நண்பன், கல்யாண கேமராமேன். மூன்று கேமரா வைத்திருந்தான், எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தான். அவனிடம் ஒரு காப்பி, என்னிடம் ஒரு காப்பி. இரண்டு இடத்தில் இருந்தால்தான் அது இருப்பதாக அர்த்தம். இந்தத் தொழிலுக்கு வரும் எவனுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவதாகச் சொல்வது, ஒரு வெட்டுகூட வைக்காமல் முதலில் எல்லாவற்றையும் ஒருதடவை முழுசாகப் பார் என்பது. இந்தமுறை அதை நான் செய்யப்போவதில்லை. நானே இருந்த கல்யாணம்தானே, எனக்குத் தெரியாததா.

மாலையில் அப்பா போன் செய்தார்.

"வீடியோ எப்பக் கண்ணு வரும்?"

"ஒரு மாசம் ஆகும்ப்பா."

"மெதுவாச் செய்யி. ரெண்டாம் பந்தியில ரசம் வரத் தாமசமாயிருச்சு. அது வீடியோவுல தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"அப்பச் சரி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அல்லாரும் நல்லாத் தெரியோணும். என்னையெல்லாம் காட்டிக்கிட்டு இருக்காத."

சரி என்றேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். எந்த வேலையும் தன்னால் நின்றுவிடக் கூடாது என்ற கவலையிலேயே இருப்பார்.

மே 30, வெள்ளி

மூன்று கேமராவையும் ஒன்றாகச் சேர்த்தாயிற்று. சினிமாவில் இதற்குக் கிளாப் பலகை தட்டுவார்கள். கல்யாணத்தில் யார் தட்டுவது? அதற்குத்தான் கெட்டிமேளம் இருக்கிறது. தவிலில் விழும் முதல் அடி மூன்று கேமராவின் ஒலிக்கோட்டிலும் ஆணி மாதிரி நிற்கும். மூன்று ஆணியையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டால் தாலி கட்டுவது மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே நொடியில் நடக்கும். இதை ஆல்வினுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், இப்போது அவன் கண்டுபிடித்தது மாதிரி எல்லோரிடமும் சொல்லித் திரிகிறான்.

ஜூன் 5, வியாழன்

கல்யாணத்தின் முதல் வெட்டு முடிந்தது. மூன்று மணி நேரம் வருகிறது. ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் நறுக்கிவிட்டேன். கேமரா ஓட ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் யாராவது குறுக்கே போவார்கள், நாற்காலி இழுப்பார்கள். முடிந்ததும் ஆட்கள் கலைவார்கள். அதெல்லாம் குப்பை. சுத்தமாக வந்திருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

அப்பா இறந்துவிட்டார். மாரடைப்பு. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் 11, புதன்

நாமக்கல். பந்தல்காரருக்குச் சொன்னது, ஐஸ் பெட்டியைத் திருப்பி அனுப்பியது, தண்ணீர் கேன், வாழை இலை. எல்லாம் நான்தான் பார்த்தேன்.

மாலை போட்டு வைக்க அப்பா படம் ஒன்றும் இல்லை. கல்யாண மேடையில் எல்லோரும் நின்று எடுத்ததிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுக்கச் சொல்லி ஸ்டுடியோவில் கொடுத்தோம். தாரணியின் கை அவர் தோளில் இருந்தது, அதை அழித்துவிட்டார்கள். "கோட்டு போட்டுத் தந்துரட்டுங்களா?" என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர். மாமா சரி என்றுவிட்டார். வாழ்நாளில் கோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனுஷன் இப்போது நீலக் கோட்டும் சிவப்பு டையுமாகச் சுவரில் இருக்கிறார். கழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஓரம் சரியாக ஒட்டவில்லை. எனக்கு அதுதான் கண்ணை உறுத்தியது.

நான் இன்னும் அழவில்லை. வருகிறவர்கள் எல்லாம் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "அழுதுருப்பா, உள்ளார வெச்சுக்காத" என்று ஒரு அத்தை முதுகைத் தடவினார். உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார். பல் டாக்டர் ஊசி போட்டபிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடையதோ போல இருக்குமே, எனக்கு முழு உடம்பும் அப்படி இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

சென்னை. கருமாதிக்கு ஒரு வாரம் இருக்கிறது. அதுவரை சீரியல் நிற்குமா?

டைரக்டர் புவனேந்திரன் சார் அறைக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கதாநாயகியின் மாமனார் செத்துப்போகும் காட்சி. அவள் அழுவதில் ஐந்து டேக் இருந்தது.

"மூணாவது டேக் போடு பூபதி. கண்ணீர் அதுலதான் கரெக்டா கன்னத்துல எறங்குது. வேணாம்னா சொல்லு, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"பரவால்ல சார்."

உண்மையிலேயே பரவாயில்லைதான். கண்ணீர் கன்னத்துக்கு வரும் இடத்தில் மாமியார் முகத்துக்கு வெட்டினேன். வெட்டு நன்றாக உட்கார்ந்தது.

புதுக் காட்சிகள் வந்து டிஸ்க் நிரம்பிவிட்டது. முடிந்த வேலைகளை எல்லாம் ட்ரிம் செய்தேன். படத்தில் பயன்படுத்திய துண்டுகளை மட்டும் தனியாக எழுதி வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடும் வசதி அது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் ஒரு விநாடி கூடுதலாக விட்டுவைக்கச் சொல்வேன். பிற்பாடு வெட்டைக் கொஞ்சம் நகர்த்த வேண்டி வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு பிடி. அதற்கு ஹேண்டில் என்று பெயர். மூலத்தை அழிக்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். தாரணி கல்யாணமும் அந்த வரிசையில் இருந்தது. கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டே போனது.

ஆல்வின் போன் செய்தான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "மச்சி, உன் தங்கச்சி கல்யாணம் என் டிஸ்க்ல கெடக்கு. அடுத்த வேலை வருது, அழிச்சிடவா?" என்றான்.

"அழிச்சிடு. எங்கிட்ட இருக்கு" என்றேன்.

இன்று நிறைய வேலை முடிந்தது.

ஜூன் 24, செவ்வாய்

கருமாதி முடிந்தது. தலை மழித்துக்கொண்டதில் ஃபேன் காற்று ஜில்லென்று படுகிறது.

எல்லோரும் கிளம்பிய பிறகு அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். தாரணியும் கூட இருந்தாள்.

"கண்ணு, அந்த வீடியோவப் போடு."

"இப்பவாம்மா? ஆராச்சும் எதாச்சும் சொல்லுவாங்க" என்றாள் தாரணி. கல்யாணம் முடிந்த கையோடு அப்பன் போய்விட்டார் என்று அவள் காதுபடவே இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். அவள் அந்த வீடியோவையே வெறுக்கிறாள்.

"சொல்றவங்க சொல்லீட்டுப் போறாங்க" என்றாள் அம்மா. "செவுத்துல மாட்டிருக்கறது அவராட்டமே இல்ல. ஆரோ ஆபீசரு மாதர இருக்குது. எனக்கு அவரு நடக்கறதப் பாக்கோணும். நேத்துப் படுத்துக்கிட்டு நெனச்சுப் பாக்கறேன், அவரு நடந்து வாரது கண்ணுக்கு வரமாட்டீங்குது. இத்தன சீக்கிரமா மறந்து போகுமா கண்ணு?"

பட்டறையில் இரும்புச் சட்டம் காலில் விழுந்த நாளிலிருந்து அப்பாவுக்கு இடது கால் லேசாக இழுக்கும். அதை மறைக்கத்தான் வேகமாக நடப்பார் என்று நினைக்கிறேன். நடக்கிறாரா ஓடுகிறாரா என்று சொல்ல முடியாது.

"மூணு மணி நேரம் இருக்கும்மா. அப்பா வர்ற எடத்த மட்டும் எடுத்துட்டு வர்றேன்" என்றேன். அது ஒரு நாள் வேலை என்று நினைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

அப்பா எங்கேயும் இல்லை.

மூன்று மணி நேரத்தையும் பார்த்தேன். மாப்பிள்ளை அழைப்பில் இல்லை. சீர் வைக்கும்போது இல்லை. தாலி கட்டும்போது மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டு தெரிகிறது, அது அவர் தோளில் இருந்த துண்டுதான். தாரை வார்க்கும்போது இருக்கிறார், உட்கார்ந்து, தலையைக் குனிந்து. வழுக்கை மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது. மேடையில் எல்லோரோடும் நிற்கிறார், அந்தக் கோட்டுப் படம் எடுத்த அதே இடம். நடக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை.

தாரணியிடம் போனில் இருப்பதை எல்லாம் அனுப்பச் சொன்னேன். மருதாணி, மேடை, மாப்பிள்ளை. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த ஒன்றில் அப்பா மண்டபத்து நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அதை அம்மாவிடம் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. ஒரு காட்சி ஆரம்பிக்கும் முன் வழியில் நிற்பவர்களை ஒதுக்கிவிட்டது அப்பா. முடிந்ததும் பந்திக்குக் கூட்டிப்போக ஓடி வந்ததும் அப்பா. கேமரா ஓட ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம், நிற்கும் முன்பு கொஞ்ச நேரம், அப்போதுதான் அவர் ஃபிரேமில் இருந்திருப்பார். நான் நறுக்கிய தலையிலும் வாலிலும்.

ஆல்வினைக் கூப்பிட்டேன்.

"அழிச்சிட்டேனேடா. நீதானே சொன்ன?"

"கேமரா கார்டு?"

"அதுக்கப்புறம் ரெண்டு கல்யாணம், ஒரு மஞ்சள் நீராட்டு எடுத்தாச்சு. ஏன் மச்சி, என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"அப்பா அன்னிக்கு என்னைச் சாப்பிட வெக்கறதுக்கு நாலு தடவை வந்தாருடா" என்றான். "ஒவ்வொரு தடவையும் கேமரா ஓடிட்டுதான் இருந்துச்சு."

ஜூன் 29, ஞாயிறு

ஆல்வின் கார்டுகளை எடுத்துக்கொண்டு வந்தான். அழிந்ததை மீட்கும் மென்பொருளில் போட்டோம். யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டுதான் திரும்பத் திரும்ப வந்தது.

இந்தத் தவறை வேறு தொழிலில் எவனாலும் செய்ய முடியாது. அப்பா நடந்ததை மூன்று கேமராவில் படம் பிடித்து, இரண்டு டிஸ்க்கில் பத்திரப்படுத்தி, இரண்டிலிருந்தும் அழித்திருக்கிறேன். இதை நினைத்தால் நெஞ்சு வலிக்க வேண்டும். வலிக்கவில்லை. எனக்குப் பயமாக இருப்பது அதுதான். ஆல்வின் அழுதான். நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 2, புதன்

சீரியல். மாமனாரின் பதினாறாம் நாள். அம்மா போன் செய்தாள், எடுக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஹேண்டில் இருக்கிறது.

இத்தனை நாள் எப்படி மூளை மழுங்கிக் கிடந்தேன் என்று தெரியவில்லை. சீரியலில் ஒரு வெட்டு அவசரமாக விழுந்திருந்தது, அதைச் சற்றுப் பின்னால் இழுத்தேன். இழுக்க வந்தது. உடனே கையை எடுத்துவிட்டேன். கல்யாணத்திலும் இழுக்க வருமே. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு விநாடி, பின்னால் ஒரு விநாடி.

புவனேந்திரன் சாரிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்தைத் திறந்தேன். ஒரு துண்டை எடுப்பது, தலையை ஒரு விநாடி இழுப்பது, பார்ப்பது, வாலை ஒரு விநாடி இழுப்பது, பார்ப்பது. எட்டு வருஷமாக வெட்டுகிறேன், வெட்டிப் போட்ட குப்பைக்குள் இப்படித் தேடியதே இல்லை.

மாப்பிள்ளை அழைப்பின் தலையில் ஒரு வெள்ளை வேட்டி குறுக்கே போகிறது. அப்பா. சீர்த்தட்டு வரும் முன் ஒரு கை ஆட்களை ஒதுக்குகிறது. அப்பாவின் கடிகாரம். தாலி கட்டி முடித்து அட்சதை விழுந்து ஓய்ந்த ஒரு விநாடியில், மாமாவின் முதுகைச் சுற்றிக்கொண்டு முகத்தைத் துடைத்தபடி வெளியே வருகிறார். வியர்வையா கண்ணீரா தெரியவில்லை, அதற்குள் விநாடி முடிந்துவிடுகிறது. சமையல்கட்டுக்குப் போகும் கதவருகில் இரண்டு எட்டு. மேடைப் படியில் மூன்று எட்டு. இடது கால் இழுப்பது அதில் நன்றாகத் தெரிகிறது.

பெரும்பாலான துண்டுகளில் ஒன்றும் இல்லை. இருந்தவற்றை எல்லாம் வரிசையாக ஒட்டினேன். ஒன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

நாமக்கல் வந்தேன். போட்டுக் காட்டினேன். சரியாக வரவில்லை.

ஒரு விநாடி என்பது கண் சிமிட்டும் நேரம். அம்மாவால் பிடிக்க முடியாது என்று நினைத்து நேற்று எல்லாவற்றையும் ஸ்லோமோஷன் ஆக்கினேன். ஒரு விநாடியை நாலு விநாடியாக நீட்டினேன். இல்லாத ஃபிரேமை மென்பொருளே ஊகித்து நடுவில் வரைந்துகொள்ளும். கை ஆடும் இடத்தில் விரல்கள் மெழுகு மாதிரி இழைந்தன, ஆனாலும் முகம் தெரிந்தது. நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி, அடியில் ஒரு புல்லாங்குழலும் போட்டேன். கல்யாண வீடியோவில் பெரியவர்களைக் காட்டும்போது நாங்கள் செய்வதுதான். பார்க்கிறவர்கள் கண் கலங்காமல் இருந்ததில்லை.

லேப்டாப்பை டிவியில் இணைத்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து பார்த்தாள். தாரணி வரவில்லை.

அம்மா கண் கலங்கவில்லை. முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"ஏங்கண்ணு இப்பிடி நடக்கறாரு? ஒடம்புக்கு முடியாதவராட்டம்?"

"மெதுவா ஆக்கியிருக்கேம்மா. நல்லாத் தெரியட்டும்னு."

"அவரு இப்பிடி நடந்ததே இல்லியே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறப்பத்தான் இப்பிடி நடந்தாரு. ஒவ்வொரு காலா எடுத்து வெச்சு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத எதுக்குக் கண்ணு திரும்பக் காட்டற? நிறுத்து."

நிறுத்தினேன். அவளுக்கு மிச்சம் இருந்த ஒரே நடையும் அந்தக் கடைசி நடைதான் என்று அப்போதுதான் புரிந்தது. நான் அதையே நாலு மடங்கு நீட்டிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

ஸ்லோமோஷனை எடுத்தாயிற்று. நிறம் பழையபடி. புல்லாங்குழலைத் தூக்கிவிட்டு கேமராவில் பதிந்த சத்தத்தையே விட்டேன். பாத்திரச் சத்தம், யாரோ "தண்ணி" என்பது, பாதியில் அறுந்த நாதஸ்வரம். ஒவ்வொரு விநாடியும் டக்கென்று மாறுகிறது. பழகும் பையன் எவனாவது இப்படி வெட்டிக்கொண்டு வந்தால் திட்டித் திருப்பி அனுப்புவேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று தாரணியும் வந்திருந்தாள். கதவருகில் நின்றுகொண்டாள், உட்காரவில்லை.

போட்டேன்.

அப்பா குறுக்கே போனார். அப்பா கையை ஆட்டினார். அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு போனார். அப்பா படியேறினார். பார்ப்பதற்குள் போனார், பார்ப்பதற்குள் வந்தார். இடது கால் இழுக்க, துண்டு தோளிலிருந்து நழுவ, யாரையோ பார்த்துத் தலையாட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்.

அம்மா சிரித்துவிட்டாள். வாய்விட்டு. நாங்கள் இருவரும் திடுக்கிட்டோம்.

"அதா போறாரு பாரு! அதா! பந்தியப் பாக்கப் போறாரு. இங்க பாரு, மறுக்கா வந்துட்டாரு." முழங்காலில் நிமிர்ந்து டிவிக்குப் பக்கத்தில் போய்விட்டாள். "ஏனுங், ஒரு நிமிஷம் நில்லுங்களேன். ஒரு வாய் சோத்தத் தின்னுட்டுத்தான் போங்களேன். ஏனுங்!"

என் விரல் நிறுத்தும் பொத்தானுக்குத் தானாகப் போயிற்று. அழுத்தினேன்.

திரையில் அப்பா இல்லை. ஒரு வெள்ளைத் தீற்றல் இருந்தது. வேகமாகப் போகிறவரை நடுவில் நிறுத்தினால் அவ்வளவுதான் வரும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு இழுப்பு.

"ஐயோ, ஏங்கண்ணு நிறுத்துன?" என்று அம்மா பதறினாள். "அவரு போகட்டும் உடு. போனாத்தான் அவரு."

மறுபடி ஓடவிட்டேன். தீற்றல் அப்பாவாகிப் படியேறிப் போனது. தாரணி எப்போது வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. எனக்குத் திரை தெரியவில்லை, மூக்கில் நீர் வழிந்தது, வாய் கோணிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. அது என்னிடமிருந்து வருகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு அப்பா வேண்டும் போலிருந்தது, வேறொன்றும் இல்லை. சட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி என் மொட்டைத் தலையைத் தடவினாள்.

"மறுக்காப் போடு கண்ணு" என்றாள்.